துக்க வீட்டுப் பங்கு

என் மாமனார் இறந்து இரண்டு வருடம் ஆன பிறகும் எங்கள் ஊர்க் கண்மாயில் மண் வெட்டிக்கொண்டிருந்தார். நூறு நாள் வேலையின் பழைய காகிதப் பதிவேட்டில் அவர் பெயருக்கு நேரே வருகைக் குறி இருந்தது, கைநாட்டும் இருந்தது. உயிரோடு இருந்த காலத்தில் வேலைக்குப் போ என்றால் அவருக்கு இடுப்புப் பிடித்துக்கொள்ளும். செத்த பிறகு ஒரு நாள் தவறாமல் போயிருக்கிறார். இதைச் சொல்லி நானும் என் வீட்டுக்காரரும் முதலில் விழுந்து விழுந்து சிரித்தோம். அப்புறம் எனக்கு ஆத்திரம் வந்தது. அந்தக் கூலி யார் பைக்குள் போனதோ அவர்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு நாங்கள் மொய் எழுதியிருக்கிறோம். மனு எழுதி எடுத்துக்கொண்டு யூனியன் ஆபீசுக்கு நடையாய் நடந்தேன். விசாரித்தோம், தவறு சரிசெய்யப்பட்டது என்று கடைசியில் ஒரு தாள் வந்தது. யார் செய்த தவறு என்று அதில் இல்லை.

அதனால்தான், அரசாங்கப் பணத்தில் பொய் ஆள் எழுதுவதைத் தடுக்கப் புதுச் சட்டதிட்டங்கள் வருகின்றன என்றபோது கைதட்டியவர்களில் நானும் ஒருத்தி. பன்னிரண்டாவது முடித்தவள், நல்ல போன் வைத்திருப்பவள், மனு எழுதத் தெரிந்தவள் என்று என்னையே பணித்தளப் பொறுப்பாளராகவும் எடுத்தார்கள். வேலைக்கு வருகிறவர்களைப் பார்த்துப் பதிகிற வேலை. பயிற்சிக்குக் கூப்பிட்டுச் சுவரில் படம் காட்டி விளக்கினார்கள். காலையில் ஒரு தடவை, மதியம் இரண்டு மணிக்கு மேல் ஒரு தடவை எல்லாரையும் நிற்க வைத்துப் போனில் படம் பிடித்து ஏற்ற வேண்டும். பட்டியலில் எத்தனை பெயரோ படத்தில் அத்தனை தலை இருக்க வேண்டும். ஒரே ஒரு ஆள் பொய்யாக இருந்தாலும் அது மோசடிதான். கூலியைத் திருப்பி வாங்குவார்கள், அந்தக் குடும்பத்தின் வேலை அட்டையை ரத்துசெய்வார்கள், பொறுப்பாளரை நீக்குவார்கள், போலீசுக்கும் எழுதலாம். நான் எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டேன். மாமனாரை நினைத்துக்கொண்டு, இனி எவன் வாலாட்டுகிறான் பார்க்கலாம் என்று பஸ்ஸில் வரும்போதே கறுவிக்கொண்டேன். திருச்சுழி வரும் வரைக்கும் அந்தக் கோபம் இதமாக இருந்தது.

எங்கள் பக்கத்துப் பெண்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஒருத்தி வீட்டில் சாவு விழுந்தால், பதினாறாம் நாள் காரியம் முடியும் வரைக்கும் அவள் வெளிவேலைக்கு வர மாட்டாள். அவளுக்கு அளந்துவிட்ட இடத்தை மற்றவர்கள் பகிர்ந்துகொண்டு வெட்டிவிடுவார்கள். கூலி அவளுக்குப் போகும். துக்க வீட்டுப் பங்கு என்று அதற்குப் பெயர். நூறு நாள் வேலை வருவதற்கு முன்னாலேயே பருத்தி எடுப்பிலும் களையெடுப்பிலும் இது இருந்தது. நிலத்துக்காரர்களும் தெரிந்தேதான் கூலி கொடுத்தார்கள். அவர்களுக்கு வேண்டியது பருத்தி வீடு வந்து சேர்வது. யார் கை எடுத்தது என்று யாரும் கேட்டதில்லை. நான் சர்ச்சுக்குப் போகும் வீட்டுக்காரி. எங்களுக்குப் பதினாறாம் நாள் இல்லை. ஆனால் என் மாமனார் அடக்கம் முடிந்து ஒரு வாரம் நான் வீட்டில் இருந்தபோது என் பங்கையும் அந்தப் பெண்கள்தான் வெட்டினார்கள். அப்போது காகிதப் பதிவேடு. பொறுப்பாளர் ஒரு குறி போட்டதோடு முடிந்தது. அந்தக் கூலியை வாங்கும்போது எனக்கு ஒரு உறுத்தலும் இல்லை.

போன வருடம் கோடைக்கு முன்னால் கண்மாய்க்கு வரும் வரத்துக்காலைத் தூர் வார வேலை வந்தது. முப்பத்தெட்டுப் பெயர் கொண்ட பட்டியல் வெள்ளிக்கிழமையே தயாராகிவிட்டது. திங்கட்கிழமை வேலை தொடக்கம். நடுவில் சனிக்கிழமை சாயங்காலம், பட்டியலில் இருந்த ஒரு அக்காவின் புருஷன் இறந்துபோனார். பந்தல்குடி ரோட்டில் லோடு ஏற்றுகிறவர். மூட்டையை இறக்கிவைத்துவிட்டுத் தண்ணீர் கேட்டவர், தண்ணீர் வருவதற்குள் போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமை அடக்கம். அந்த அக்கா எனக்கு நாலைந்து வயது மூத்தவள். நான் கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்தபோது எந்தக் குழாயில் எப்போது நல்ல தண்ணீர் வரும் என்று சொல்லிக்கொடுத்தவள். அதிகம் பேச மாட்டாள். பேசினால் எதிராளிக்கு வாயடைத்துப்போகும்.

திங்கட்கிழமை காலையில் பெண்கள் மண்வெட்டியோடு வந்து என்னைச் சுற்றி நின்றார்கள். எங்கள் கூட்டத்தில் வாய் பெரிய ஒருத்தி உண்டு, யாருக்காகவும் முன்னால் வந்து நிற்பவள். அவள்தான் பேச்சை எடுத்தாள்.

“அவுக பங்க நாங்க வெட்டிருவோம். படத்துல ஒரு தல கொறையுதுல்ல, அதுக்கு மட்டும் நீ ஒரு வழி சொல்லு.”

முடியாது என்று சொன்னேன். பயிற்சியில் சொன்னதை எல்லாம் ஒப்பித்தேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, உன் மாமனார் செத்தப்ப உன் பங்க வெட்டுனது யாரு என்று கேட்டாள். மற்றவர்கள் தரையைப் பார்த்தார்கள். அந்தத் தலைக்கு யாரை நிறுத்துவது என்று யோசித்தோம். வெளியூர் ஆளை நிறுத்தினால் யாராவது கண்டுபிடித்துவிடுவார்கள். வயசாளிகளை வெயிலில் நிறுத்த முடியாது. பொறுப்பாளரின் பெயர் வேறொரு பட்டியலில்தான் வரும். நான் படத்தில் நிற்க வேண்டியதில்லை. மிச்சம் இருந்த ஒரே தலை என்னுடையதுதான்.

வெயிலுக்கும் முள்ளுக்கும் பயந்து எங்கள் பெண்கள் புடவைக்கு மேல் வீட்டு ஆம்பளையின் பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டுதான் வேலை செய்வார்கள். யாரோ ஒருத்தி ஓடிப்போய் அந்த அக்கா வேலைக்குப் போட்டுவரும் கட்டம் போட்ட நீலச் சட்டையை எடுத்துவந்தாள். செத்தவரின் சட்டை. பீடி வாசம் இன்னும் போகவில்லை. அதைப் போட்டுக்கொண்டு, துண்டை நெற்றி வரைக்கும் இழுத்துவிட்டு, கடைசி வரிசையில் நின்றேன். வாய்க்காரி என் போனை வாங்கிப் படம் எடுத்தாள். முதல் படத்தில் பாதி வானம், கால்வாசி அவள் கட்டைவிரல். இரண்டாவது சரியாக வந்தது. டவர் கிடைக்கும் கண்மாய்க் கரைக்கு ஏறிப்போய் ஏற்றினேன். அந்த அக்கா பெயருக்கு நேரே ‘வந்தார்’ என்று அழுத்தினேன்.

ஆறு நாள், பன்னிரண்டு படம். ஓவர்சியர் வந்து டேப் வைத்து அளந்தபோது முப்பத்தெட்டு ஆள் மண்ணும் ஒரு கூடை குறையாமல் வெளியே கிடந்தது. உள்ளபடி சொன்னால், அந்த அக்காவின் பங்குதான் எல்லாவற்றையும்விடச் சீராக இருந்தது. செத்தவருக்குச் செய்கிற மரியாதை மாதிரி ஓரமெல்லாம் செதுக்கிவிட்டிருந்தார்கள். மண்ணில் ஒரு பொய்யும் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய் போனில் இருந்தது.

சில மாதம் கழித்துச் சமூகத் தணிக்கை வந்தது. வேலை உண்மையிலேயே நடந்ததா, எழுதியிருக்கும் ஆள் உண்மையிலேயே வந்தாரா என்று வீடு வீடாகப் போய்க் கேட்டு, கடைசியில் கிராம சபையில் எல்லார் முன்னாலும் படிப்பார்கள். வந்த தணிக்கை மேடம் சாத்தூர்ப் பக்கத்துக்காரர். கெட்டிக்காரி. டீ கொடுத்தால்கூடக் குடிக்க மாட்டார், தண்ணீர் பாட்டில் கையிலேயே இருக்கும். எங்கள் படங்களை எல்லாம் பார்த்தார். சின்னப் படம், வெயில், தலையெல்லாம் துண்டு. அதில் அவரால் ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை.

அட்டையைச் சரிபார்க்க அந்த அக்கா வீட்டுக்குப் போனபோதுதான் அது நடந்தது. மேடம் பாயில் உட்கார்ந்து அட்டையைப் புரட்டிவிட்டு நிமிர்ந்தார். எதிர்ச் சுவரில் மாலை போட்ட படம். அருப்புக்கோட்டை ஸ்டுடியோவில் சட்டம் போட்டது. கீழே தங்க எழுத்தில் தோற்றம் இன்ன தேதி, மறைவு இன்ன தேதி. மேடம் மறைவு தேதியைப் பார்த்தார். மடியில் இருந்த வருகைப் பட்டியலைப் பார்த்தார். மறுபடியும் சுவரைப் பார்த்தார். நான் வாசற்படியில் நின்றிருந்தேன். எங்களில் ஒருத்திக்கும் அந்தப் படம் நினைவுக்கு வரவில்லை. அட்டை, பாஸ்புக், ஆதார் எல்லாவற்றையும் ஒழுங்காக எடுத்துவைத்தோம். ஊரில் எல்லார் வீட்டுச் சுவரிலும் எப்போதும் தொங்குகிற ஒன்றை யார் ஒளித்துவைப்பார்கள்?

வெளியே வந்ததும் மேடம் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். அவர் குரலை உயர்த்தவில்லை.

“நானும் இந்தப் பக்கத்துக்காரிதான்மா. புருசனப் பொதச்ச மறுநாளு எந்தப் பொம்பளையும் மம்பட்டி தூக்க மாட்டான்னு எனக்குத் தெரியும். சட்டத்துக்குத்தான் தெரியாது.”

வழியையும் அவரே சொன்னார். நீயாக எழுதிக்கொடுத்துவிட்டால் உன் மேல் மட்டும் நடவடிக்கை போகும், பொறுப்பாளர் வேலை போகும், அந்த ஆறு நாள் கூலியைக் கட்டிவிடலாம், அந்தம்மா அட்டையைக் காப்பாற்ற நான் எழுதுகிறேன். எழுதித் தராவிட்டால் சபையில் அந்தம்மாவையே கேட்க வேண்டிவரும், அது விதி. சனிக்கிழமை சபை. அதற்குள் சொல்லு.

அந்த அக்காவுக்கு அந்த அட்டைதான் எல்லாம். புருஷன் போன பிறகு இரண்டு ஆடும் நூறு நாள் கூலியும்தான் மிச்சம். விதவை உதவித்தொகைக்கு எழுதிப்போட்டிருந்தாள், அது இன்னும் வரவில்லை. மோசடி என்று பெயரில் ஒரு வரி ஏறிவிட்டால் அதுவும் எங்கே நிற்குமோ தெரியாது. இது எனக்கு நன்றாகத் தெரியும். ஒரு தாளும் பேனாவும் போதும், ஐந்து நிமிட வேலை. மனு எழுதுவதில் நான் பேர் வாங்கியவள்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் அருப்புக்கோட்டையில் மில் வேலை பார்க்கிறவர். ஷிப்ட் முடிந்து வந்து சோற்றில் கை வைத்தவர் அப்படியே நிறுத்திவிட்டார். படத்தில் முகமே தெரியவில்லை என்கிறாய், அவளும் வந்தேன் என்று சொல்லிவிட்டால் யாரால் என்ன செய்ய முடியும், நீயாகப் போய்த் தலையைக் கொடுப்பானேன் என்றார். போலீஸ் என்ற சொல்லை அவர் ஒரு தடவைதான் சொன்னார். எனக்கு அது போதுமாக இருந்தது. அவர் மேல் பழியைப் போட்டுவிட்டு நான் தப்பிக்கப் பார்க்கவில்லை. நான் கேட்க நினைத்ததைத்தான் அவர் சொன்னார்.

வியாழக்கிழமை மதியம் அந்த அக்கா வீட்டுக்குப் போனேன். ஆட்டுக்குக் கருவேலங்காய் பொறுக்கி உலர்த்திக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னேன். மேடம் எழுதித் தரச் சொன்னதை மட்டும் சொல்லவில்லை. சபையில் கேட்டால், வந்தேன் என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள் அக்கா, அட்டை தப்பித்துவிடும் என்றேன். அவள் விரலை மடக்கி நாளை எண்ணினாள்.

“அடக்கம் முடிஞ்ச மறுநாளுல்ல அது?” என்றாள்.

ஆமாம் என்றேன். அவள் கொஞ்ச நேரம் காய்களைத் தள்ளித் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தாள். பிறகு, சரி தாயி என்றாள். நான் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் வேகமாக நடந்தேன்.

சனிக்கிழமை பள்ளிக்கூடத்துக்கு முன்னால் பந்தல் போட்டு சபை கூடியது. மேடம் ஒவ்வொன்றாகப் படித்தார். ஓடையில் கட்டிய தடுப்பணை பற்றிப் படிக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. படம் சரி, அளவு சரி, பில் சரி. அந்தச் சிமெண்ட்டை விரலால் சுரண்டினால் உதிரும் என்று பந்தலில் இருந்த எல்லாருக்கும் தெரியும். எல்லாத் தாளும் ஒழுங்காக இருந்ததால் கேட்க ஒன்றும் இல்லை. அடுத்து வரத்துக்கால் வேலை என்றார். அந்த அக்காவின் பெயரைப் படித்து, எழுந்து நிற்கச் சொன்னார்.

இந்த ஆறு நாளும் நீங்கள் வேலைக்கு வந்தீர்களா என்று மேடம் தேதி சொல்லிக் கேட்டார். அந்த அக்கா நின்றாள். பதில் சொல்லவில்லை. பந்தலில் இருநூறு பேர் இருப்பார்கள். அந்த ஆறு நாளும் அவள் எந்த மூலையில் முடங்கிக் கிடந்தாள் என்று பார்த்துவிட்டு வந்தவர்கள், அவளுக்குச் சோறு கொண்டுபோனவர்கள். ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. அவளுடைய புருஷனின் அண்ணன் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். வாய்க்காரி என்னைத் திரும்பிப் பார்த்தாள். மேடமும் பேனாவை மூடாமல் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். முந்தானையைத் திருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பாவம், புருஷன் நினைவு வந்து அக்கா தடுமாறுகிறாள் என்று நினைத்தேன். அப்படி நினைத்துக்கொள்வது எனக்கு வசதியாக இருந்தது.

“வந்தேன்” என்றாள்.

“வீட்டுக்காரர் தவறி, அடக்கம் முடிஞ்ச மறுநாளா?”

“ஆமா. வீட்டுல கெடந்து என்ன செய்ய. வந்து மண்ணு வெட்டுனேன்.”

புருஷனின் அண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போனார். அவருக்கும் உண்மை தெரியும். இருந்தாலும் அந்த வார்த்தையைக் காதால் கேட்டுக்கொண்டு அவரால் உட்கார முடியவில்லை. எழுதப் படிக்கத் தெரியாத அந்த அக்கா, சொன்னதைப் படித்துக் காட்டியதும், கட்டைவிரலில் மையைத் தொட்டுக் கைநாட்டு வைத்தாள். கணவர் அடக்கம் முடிந்த மறுநாள் முதல் ஆறு நாள்களும் தாமே வேலைக்கு வந்ததாகப் பயனாளி கூறினார், குறை இல்லை என்று தாளில் இருந்தது. மேடம் அதைப் படிக்கும்போது என் பக்கம் திரும்பவில்லை. அரசாங்கத்துக் காகிதத்தில் அவள் துக்கம் கொண்டாடாத பெண்ணாகிவிட்டாள். இந்தப் பாவத்தை நான் செய்தேன். சுற்றி வளைத்துச் சொல்ல ஒன்றும் இல்லை.

அதற்குப் பிறகு வேலைத்தளத்தில் நான் அவளிடமிருந்து விலகியே நின்றேன். அட்டை இருந்தது, கூலி வந்தது, எனக்கும் பொறுப்பு இருந்தது. எல்லாரும் நன்றாகத்தான் இருந்தோம். படத்துக்கு நிற்கும்போது துண்டை எடுத்துவிட்டு முகம் தெரிய நிற்க வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்ல ஆரம்பித்தேன். சொன்னபடி செய்தார்கள். என்னிடம் கிண்டல் பேசுவது நின்றுபோனது.

இந்த மாசியில் ஊருணி வேலை நடந்தபோது வாய்க்காரியின் மாமியார் இறந்துபோனார். திங்கட்கிழமை பெண்கள் வந்தார்கள், அவரவர் இடத்தில் இறங்கினார்கள். யாரும் என்னைச் சுற்றி நிற்கவில்லை, எதுவும் கேட்கவில்லை. வாய்க்காரிக்கு அளந்துவிட்ட இடம் வெட்டாமல் கிடந்தது. அவள் பெயருக்கு நேரே ‘வரவில்லை’ என்று அழுத்தினேன். அன்றைக்குப் பட்டியலில் ஒரு பொய்கூட இல்லை. சட்டம் கேட்டது இதைத்தான்.

மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு எல்லாரும் நிழலில் சாய்ந்திருந்தபோது மண்வெட்டிச் சத்தம் மட்டும் கேட்டது. அந்த அக்கா தன் பங்கை முடித்துவிட்டு வாய்க்காரியின் இடத்தில் இறங்கி வெட்டிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் போனேன்.

“அக்கா, அவுகளுக்கு ஆப்சென்ட்டு போட்டாச்சு. நீங்க வெட்டுனாலும் கூலி வராது.”

“தெரியும் தாயி” என்றாள். இரண்டு வெட்டு வெட்டிவிட்டு நிமிர்ந்து, முழங்கையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டாள்.

“அன்னைக்குச் சபையில நீ எந்திரிச்சுச் சொல்லுவேன்னுதான் கொஞ்ச நேரம் பேசாம நின்னேன்.”

குரலில் கோபம் இல்லை. அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். சொல்லிவிட்டு மறுபடி குனிந்து வெட்ட ஆரம்பித்தாள். கரையோரம் ஒரு மண்வெட்டி சும்மா கிடந்தது. இரண்டு மணிப் படத்துக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லி, நான் போனை எடுத்துக்கொண்டு கரையேறினேன்.